தாமுவே மூன்லைட் அணியின் இரண்டாவது கோல்கீப்பர்

தாமுவே மூன்லைட் அணியில் இரண்டு கோல்கீப்பர்கள் இருந்தார்கள். ஒருவர் பந்தைப் பிடிப்பார். இன்னொருவர் எலுமிச்சம்பழத்தைப் பிடிப்பார். ஏசுரத்தினம் இரண்டாமவன்.

கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் அவன் வேலை. நாலு மழைக்காலம் கோலுக்குப் பின்னால் நின்று, ஒன்பது எலுமிச்சம்பழம் பிடித்திருக்கிறான். ஒன்றுகூடத் தரையைத் தொட்டதில்லை. ரங்கூனில் வேறெந்த ஆட்டக்காரனுக்கும் இப்படியொரு கணக்கு கிடையாது என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்வான். வெளியே சொல்லமாட்டான். வெளியே அவன் எதையுமே சொல்வதில்லை.

அவன் அணிக்கு வந்ததே வாய் திறக்காததால்தான். அறுபதாம் வருடம் மிஷன் பள்ளி சர்டிபிகேட்டை உறையில் போட்டுக்கொண்டு, மீரா முகைதீனின் மூன்லைட் பிஸ்கட் கம்பெனிக்கு எழுத்தர் வேலை கேட்டுப் போனான். முதலாளி உறையைத் திறக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கொடிமரத்தைப் பார்ப்பதுபோல அவனை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

“என்ன உயரம்டா நீ?”

“ஆறடி ஒரு அங்குலம், முதலாளி.”

“பந்து பிடிப்பியா?”

இல்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லவேண்டும். அதைவிடத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. ஆட்டினான். ‘இரண்டாம் கோல்கீப்பர்’ என்று அன்றைக்கே பேரேட்டில் ஏறிவிட்டது.

மீரா முகைதீனுக்குக் கால்பந்து என்றால் உயிர். பிஸ்கட் அதற்கு அடுத்ததுதான். ஆடத் தெரிந்தவனுக்குக் கம்பெனியில் வேலை உண்டு. விடியற்காலையிலிருந்து இரண்டு மணி வரை மாவு பிசைவது, தகரம் ஒட்டுவது, மூன்று சக்கர சைக்காவில் சரக்கு ஏற்றுவது. இரண்டுக்கு மேல் மைதானம். ஆடுவதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் ஆடாதவனுக்குச் சம்பளமே கிடையாது. ஜெயித்தால் ஆளுக்கொரு பொட்டலம் டான்பாவ், அதாவது நம் பிரியாணி. தோற்றால் ஒரு பை உடைசல் பிஸ்கட். சில வருடங்களில் தாமுவே பேட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் உடைசல் பிஸ்கட் தின்றே வளர்ந்தார்கள்.

ஏசுரத்தினம் ஆடவில்லை. தகரத்துக்கு லேபிள் எழுதினான். பர்மிய எழுத்தும் தமிழெழுத்தும் இங்கிலீஷும் அவன் கையில் ஒரே அளவில் உருண்டு வரும். முதல் கோல்கீப்பர் பீர் முகைதீன் இருக்கும்வரை அவனுக்குக் கவலையில்லை. பீர் முகைதீன் குட்டையான ஆள். ஆனால் பந்து வருமுன்னே அது வரப்போகிற இடத்தில் போய் நிற்பார். காய்ச்சல், கட்டி என்று ஒருநாள் ஓய்ந்ததில்லை. ஏசுரத்தினம் ஞாயிறுதோறும் கோயிலில் மனமுருகி வேண்டிக்கொண்டது பீர் முகைதீனின் ஆரோக்கியத்துக்காகத்தான். ஓர் இஸ்லாமியருக்காக அத்தனை ஜெபம் செய்த கிறிஸ்தவன் அந்தக் கோயிலில் வேறு யாரும் இல்லை.

எலுமிச்சம்பழம், சின்னத்தம்பியின் ஏற்பாடு. சின்னத்தம்பி கம்பெனியில் அடுப்பு மேஸ்திரி, அணிக்கு வாத்தியார். ரொட்டி வெந்ததா என்று வாசனையிலேயே சொல்வார். ஆட்டம் வெந்ததா என்பதையும் அப்படியே சொல்வார் என்று பெயர். ஆட்டத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தையும் மூன்று மிளகாயையும் கறுப்பு நூலில் கோர்த்து, கோலின் மேல்கட்டையில் பின்பக்கமாகத் தொங்கவிடுவார். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது, குழந்தையைத் தூக்குவதுபோல அதை இரண்டு கையிலும் ஏந்தி எதிர்க்கோலுக்குக் கொண்டுபோவார். ஒரு வருடம் அது நூலறுந்து விழுந்தது. அன்றைக்கு ஏழு கோல். அதிலிருந்து சட்டமாகிவிட்டது: கடைசி விசில் வரை பழம் தரையைத் தொடக்கூடாது. அதற்கொரு ஆள் வேண்டும். சும்மா நிற்கிற ஆள்.

“நீதான்டா தோதான ஆளு,” என்றார் சின்னத்தம்பி, ஏசுரத்தினத்திடம். “கையும் நீளம். வேற ஜோலியும் இல்ல.”

ஏசுரத்தினம் தலையாட்டினான்.

பழம் விழுந்து அவன் பிடித்துவிட்டால், அதைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டவேண்டும். அப்போதுதான் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்திருக்கும் சின்னத்தம்பியின் நெஞ்சு மறுபடி அடிக்கும். ஒன்பது தடவை உயர்த்திக் காட்டியிருக்கிறான். ஒன்பது தடவையும் சின்னத்தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். பழத்தைத்தான்.

பிறகு அறுபத்துநாலு வந்தது. கடைகளும் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் அரசாங்கத்தின் கைக்குப் போயின. மீரா முகைதீன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, அணியின் படத்தை மட்டும் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த மாதம் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார்.

அதன்பிறகு ஒவ்வொரு கப்பலும் அணியிலிருந்து ஒருவரைக் கொண்டுபோயிற்று. முதல் கப்பலில் வலது விங். அடுத்ததில் இரண்டு பேக்குகளும், அண்ணன் தம்பிகள் என்பதால், ஒன்றாக. பேக்கிங் பகுதியிலிருந்தும் மாவுக் கிடங்கிலிருந்தும் ஆட்களைப் பிடித்து இடத்தை நிரப்பினார்கள். ஆகஸ்ட் கடைசியில், ஒரு புதன்கிழமை, பீர் முகைதீன் தன் தோல் கையுறைகளைக் கொண்டுவந்து ஏசுரத்தினத்தின் லேபிள் மேஜைமேல் வைத்தார்.

“நாளைக்குக் கப்பல். பாத்துக்க தம்பி.”

“அண்ணே, உங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும்...”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. போகச் சொல்லிட்டாங்க.”

நாலு வருட ஜெபத்தில் இந்த ஒரு வழியை அடைக்க மறந்துபோனது ஏசுரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

புதிய நிர்வாகி ஊ போ ஹான், தாட்டியான மனிதர். வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். ஆட்டங்களைத் தவறாமல் பார்ப்பவர். ஒருநாள் எல்லோரையும் மாவுக் கிடங்கில் கூட்டிவைத்துப் பர்மியில் நிதானமாகச் சொன்னார். பேரேட்டில் ‘ஆட்டக்காரர்’ என்று பன்னிரண்டு பேர், அவர்களுக்கு ஒரு வாத்தியார், ஆகப் பதிமூன்று பேர் இருக்கிறார்கள். பிஸ்கட் செய்ய அத்தனை பேர் வேண்டாம். ஆனால் அணி இரண்டாம் டிவிஷனில் நிலைத்தால், கம்பெனிக்குப் பெயர், அவரும் மேலே எழுதி எல்லோரையும் வைத்துக்கொள்ளலாம். கீழே இறங்கினால் அணி கிடையாது. அணி இல்லாவிட்டால் ஆட்டக்காரரும் இல்லை.

அதற்கு மேல் அவர் சொல்லவேண்டியதில்லை. அந்நியர் பதிவு அட்டை வைத்திருப்பவனுக்கு வேலை போனால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். கப்பல்.

ஏசுரத்தினத்தின் அம்மா செலின், பெட்டி கட்டுவதற்கு எதிரி. தகப்பனாரைப் புதைத்தது இங்கே. அவள் பிறந்தது இங்கே. மெட்ராஸை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

“அங்க போயி யார் வீட்ல நிக்கிறது? காலையில திங்க மொஹிங்கா கெடைக்குமாடா அங்க?”

“தெரியாதும்மா.”

“அப்ப பந்தைப் பிடி.”

அதுதான் அவனுக்குக் கிடைத்த ஒரே பயிற்சிக் குறிப்பு.

கடைசி ஆட்டம் மாவ்பி நெல் ஆலை அணியோடு. சமன் செய்தால் போதும், மூன்லைட் நிலைத்துவிடும். மாவ்பிக்காரர்கள் மேளத்தோடு இரண்டு லாரியில் வந்து இறங்கினார்கள். காலையிலிருந்து மழை. மைதானத்தில் புல் இருந்த இடங்கள் தீவுகளாகத் தெரிந்தன. ஏசுரத்தினம் பீர் முகைதீனின் கையுறைகளைப் போட்டுப் பார்த்தான். விரல்கள் பாதிதான் நுழைந்தன. கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டான்.

சின்னத்தம்பி நூலும் பழமுமாகக் கோலருகே வந்து யோசித்து நின்றார். கோலுக்குப் பின்னால் நிற்கத் தோதான ஆளில்லை. நின்றவன்தானே இப்போது முன்னால் நிற்கிறான்.

“அண்ணே, இன்னைக்கு வேண்டாமே,” என்றான் ஏசுரத்தினம். அவன் வாழ்க்கையில் சொன்ன மிகத் துணிச்சலான வாக்கியங்களில் ஒன்று அது.

“வேணாமா? இன்னைக்கா? ஏண்டா, புத்தி இருக்கா ஒனக்கு?” சின்னத்தம்பி மேல்கட்டையின் உள்பக்கமாக, அவன் தலைக்கு நேராகவே பழத்தைக் கட்டினார். “நீயே பாத்துக்க. ஒனக்குச் சொல்லியா தரணும்?”

கேப்டன் சுப்பிரமணியம் தூரத்திலிருந்து கத்தினான். “ரத்தினம்! பந்து தோல்ல செஞ்சது. உருண்டையா இருக்கும். பாத்தா பிடி!”

ஆட்டம் தொடங்கியது. ஏசுரத்தினத்தின் ஆட்டத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், பந்துதான் அவனைத் தேடித் தேடி வந்து மோதியது. ஒன்று முழங்காலில் பட்டு வெளியே போயிற்று. ஒன்று அவன் பயந்து திரும்பிக்கொண்டபோது முதுகில் பட்டது. மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஒன்றை அவன் நிஜமாகவே பிடித்தான். பிடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“உதைடா! அதுக்குப் பாலா குடுக்கப்போற?” என்றான் சுப்பிரமணியம்.

உதைத்தான். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், தான் ஒரு கோல்கீப்பராக இருக்கலாமோ என்ற எண்ணம் அவனுக்குள் மெல்லத் தலைகாட்டியிருந்தது. அந்த எண்ணத்தை அவன் பிறகு பல வருடங்கள் மன்னிக்கவில்லை.

பக்கம் மாறினார்கள். பழமும் மாறியது. இன்னும் கோல் இல்லை. ஐந்து நிமிஷம் மிச்சம். எல்லைக்கோட்டருகே குடையின் கீழ் ஊ போ ஹான் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். இன்னும் ஐந்து நிமிஷம் யாராவது பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துக்கொண்டிருந்தால், அம்மா பெட்டி கட்டவேண்டியதில்லை.

மாவ்பியின் சென்டர் ஃபார்வர்ட், ஒல்லியான பையன், இருபது கஜத்திலிருந்து அடித்தான். பந்து ஏசுரத்தினத்தைத் தாண்டி மேல்கட்டையில் மோதியது. கட்டை அதிர்ந்தது. பந்து திரும்பி வந்து அவனுக்கு மூன்றடி முன்னால், சேற்றில், பொத்தென்று விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்துக்கொண்டால் ஆயிற்று. அம்மாவே எடுத்துவிடுவாள்.

அந்த நொடியில் நூல் அறுந்தது.

கண் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று இறங்குவது தெரிந்தது. அதற்குப்பிறகு அவன் யோசிக்கவில்லை. நாலு வருடப் பழக்கம் யோசிக்க விடாது. இடது பக்கம் பாய்ந்தான். அப்படியொரு பாய்ச்சலைத் தாமுவே மைதானம் அதுவரை பார்த்ததில்லை. பீர் முகைதீன்கூடப் பாய்ந்ததில்லை என்று பார்த்தவர்கள் பின்னாளில் ஒத்துக்கொண்டார்கள். சேற்றுக்கு நாலு விரல்கடை மேலே, இரண்டு கையாலும், பழத்தைப் பிடித்தான்.

மாவ்பிப் பையன் நடந்தே வந்தான். ஏதோ சூது இருக்குமென்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டான். பிறகு காலால் லேசாகத் தள்ளினான். மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும் சைக்கா போல, பந்து மெதுவாகக் கோட்டைத் தாண்டியது.

ஏசுரத்தினம் எழுந்தான். எழுந்தவன் வழக்கப்படி பழத்தைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினான்.

மேளம்கூட நின்றுவிட்டது. மொத்த மைதானமும் அவன் கையைப் பார்த்தது. எல்லைக்கோட்டருகே ஒரே ஒருவர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சுப்பிரமணியம் நெருங்கி வந்தான். அடிப்பான் என்று ஏசுரத்தினம் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பந்து எங்கடா?” என்றான் சுப்பிரமணியம், தாழ்ந்த குரலில்.

ஏசுரத்தினம் திரும்பிப் பார்த்தான். பந்து வலைக்குள் கிடந்தது.

“அங்க இருக்கு,” என்றான்.

மிச்சமிருந்த நிமிஷங்களில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்லைட் கீழே இறங்கியது. அன்றைக்கு உடைசல் பிஸ்கட்கூட யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஊ போ ஹான் பதிமூன்று பேரையும் அழைத்தார். சிவப்புப் பென்சிலால் பேரேட்டில் ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். சுப்பிரமணியம், கோடு. சின்னத்தம்பி, வாத்தியார், கோடு. அவர் இல்லாவிட்டால் ரொட்டி எப்படி வேகும் என்று யாரோ கேட்டார்கள். பேரேட்டில் அடுப்பு என்று எழுதவில்லையே என்றார் ஊ போ ஹான். பிறகு இரண்டாம் கோல்கீப்பர் என்ற வரியில் பென்சில் நின்றது. நிமிர்ந்து ஏசுரத்தினத்தைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

“இவனா ஆட்டக்காரன்? என் கண்ணால பாத்தேனே! பந்தை விட்டுட்டுப் பழத்தைப் புடிச்சவன ஆட்டக்காரன்னு மேல எழுதினா, என் வேலை போயிடும்.” சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “யாரோ தப்பா எழுதியிருக்காங்க. இவன் என்ன வேலை செய்யறான்?”

“லேபிள் எழுதுறான்.”

“அப்ப எழுத்தர்.” ‘கோல்கீப்பர்’ என்பதை அடித்துவிட்டு, ‘எழுத்தர்’ என்று பக்கத்தில் எழுதினார்.

பன்னிரண்டு பேர் ஏசுரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது அவன், நானும் ஆட்டக்காரன்தான் ஐயா, என்று சொன்னான். அப்படித்தான் அவன் நினைவில் இருக்கிறது. ஆனால் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் குரல் எப்போதும் அப்படித்தான், பக்கத்தில் நிற்பவனுக்கே எட்டாது. வாய் திறந்ததா, மனசுக்குள் மட்டும் சொன்னானா என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறான். திறந்தது என்று முடிவுசெய்த நாட்களில் நன்றாகத் தூங்கினான்.

வேலை போகவில்லை என்று கேட்டதும் வீட்டில் அம்மா கோழி அடித்தாள்.

“பிடிச்சிட்டேதானே?” என்று கேட்டாள்.

“பிடிச்சேன்,” என்றான். பொய் இல்லை.

நவம்பரில் கப்பல். ஏசுரத்தினம் அரைநாள் லீவு போட்டுத் துறைமுகத்துக்குப் போனான். அணியில் அதிகம் பேர் ஒரே கப்பலில் போனார்கள். மூன்லைட் அணி இவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தது அதுதான் முதல்முறை. யாரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியங்கள் தயார் செய்திருந்தான். சுப்பிரமணியத்தைப் பார்த்ததும் அத்தனையும் போய்விட்டது. பீர் முகைதீனின் கையுறைகளை நீட்டினான்.

“அண்ணன்கிட்ட குடுத்துருங்க.”

சுப்பிரமணியம் வாங்கிப் பார்த்தான். சேறு போகத் துடைத்து வைத்த கையுறைகள். “நீ இருந்து என்னத்தடா எழுதப்போற?”

“லேபிள்.”

“ம்.” அவன் தோளில் ஒரு குத்து விட்டான். வலித்தது. நட்பா கோபமா என்று தெரியாத அளவுக்கு வலித்தது. “நல்லா எழுது. பந்துன்னு எங்கேயாச்சும் வந்தா, எலுமிச்சம்பழம்னு எழுதிடாத.”

சின்னத்தம்பி மட்டும் அவன் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போனார்.

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவானுங்க. நீ மனசுல வச்சுக்காத. பழம் தரையைத் தொட்டுச்சா?”

“இல்லண்ணே.”

“தொட்டிருந்தா நெலமை என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாரு.”

ஏசுரத்தினம் நினைத்துப் பார்த்தான். இதைவிட மோசமாக எதுவும் தோன்றவில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

கப்பலின் நடைபாலம் விலகியது. அக்கரை டாலாவிலிருந்து வந்த படகு கப்பலுக்கு வழிவிட்டு நின்றது. தளத்தின் கம்பியோரம் எல்லோரும் வந்து நின்றார்கள். குமட்டலுக்கென்று எல்லார் மடியிலும் எலுமிச்சம்பழம் இருந்தது. சின்னத்தம்பி ஒன்றை எடுத்து, “டேய் ரத்தினம்!” என்று கூவி, ஓங்கி வீசினார்.

காற்றில் அது வளைந்து, தண்ணீர்ப் பக்கமாகவே இறங்கியது. ஏசுரத்தினம் இரண்டடி ஓடி, விளிம்பில் எம்பி, ஒரே கையால் பிடித்தான். தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினான்.

கம்பியோரம் அத்தனை பேரும் கைதட்டினார்கள். சுப்பிரமணியம் விரலை வாயில் வைத்து விசிலடித்தான். அணியிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. கப்பல் திரும்பும்வரை கையை அவன் இறக்கவில்லை.

துறைமுக வாசலில் காவலர் நிறுத்தினார். கப்பலிலிருந்து என்ன எறிந்தார்கள்? காட்டினான். காவலர் நம்பவில்லை; இந்த நாட்களில் யார் எதற்குள் என்ன வைத்துக் கைமாற்றுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். இடுப்புக் கத்தியை எடுத்துப் பழத்தை இரண்டாக அறுத்தார். பிதுக்கிப் பார்த்தார். ஏழெட்டு விதைகள் இருந்தன.

“இதையா இவ்வளவு கஷ்டப்பட்டுப் புடிச்ச?” என்றார் பர்மியில்.

ஒரு பாதியை அவன் கையில் கொடுத்தார். மற்றது அவர் விரலிலிருந்து வழுக்கி விழுந்தது. ஏசுரத்தினத்தின் கை தானாக நீண்டது, ஆனால் தாமதமாகிவிட்டது. பாதிப் பழம் துறைமுகத்துப் புழுதியில் உருண்டு நின்றது.

விழுந்தால் தோற்போம் என்பார் சின்னத்தம்பி. தோற்பதற்கு அணி இல்லை. அவன் குனிந்து எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியில் துடைத்து, இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தாமுவேக்கு பஸ் ஏறினான். இப்போது இரண்டு மணிக்கும் லேபிள்தான் எழுதவேண்டும்.